மாசு சந்தேகம் உள்ள இடத்தில் நிலத்தடி நீரைக் கண்காணிப்பது எப்படி? பாலாற்றுப் படுகைக் குரோமியத்தை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

பாலாற்றுப் படுகையிலுள்ள ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் 1970-களில் தொடங்கி 1995 வரை ஓடிய குரோமேட் ஆலை, ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவைத் தன் வளாகத்திலேயே குவித்துவிட்டு மூடப்பட்டது. ஆலை நின்ற பிறகும் மழைக்காலங்களில் அந்தக் குவியலின் அடியிலிருந்து மஞ்சள் நீர் கசிந்துகொண்டே இருந்தது. இப்படி மஞ்சள் நிறமாக வந்தால் கண்டுபிடிப்பது எளிது. நிறமும் மணமும் இல்லாமல் நகரும் மாசுதான் சிக்கலானது. அதைக் கிணறுகள் வழியாகத்தான் பின்தொடர வேண்டும்.

இந்த வழிகாட்டி பழைய ஆலை வளாகங்கள், டேனரி எனப்படும் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு விடப்பட்ட நிலங்கள், சாயக்கழிவு ஓடிய ஓடைகள், குப்பைக் கிடங்குகள், எரிபொருள் தொட்டிகள் புதைந்துள்ள இடங்கள் ஆகியவற்றுக்கானது. ஊராட்சிப் பொறியாளர்கள், நிலவியல் மாணவர்கள், ஆலோசனை நிறுவனங்களில் களப்பணி செய்பவர்கள், தங்கள் கிணற்று நீரைப் பற்றிக் கவலைப்படும் ஊர்க்குழுக்கள் எல்லோரையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. எந்தக் கிணறு, எந்த ஆழம், எப்படி எடுத்தது, எந்தப் பாட்டிலில் ஊற்றியது என்பவற்றில்தான் முடிவின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. களத்தில் நேர்ந்த பிழையை எவ்வளவு நல்ல ஆய்வகத்தாலும் திருத்த முடியாது. அதனால் ஆய்வகக் கருவிகளைவிடக் களவேலைக்கே இங்கே அதிக இடம் தந்திருக்கிறோம்.

துளை போடும் முன்: இடத்தின் வரலாறு

ரிக் வண்டியை வரவழைப்பதற்கு முன் குறைந்தது இரண்டு வாரம் விசாரணைக்கு ஒதுக்குங்கள். ஆலை எதைத் தயாரித்தது, எந்த மூலப்பொருள் வந்தது, கழிவு எங்கே தேங்கியது, தொட்டிகள் தரைக்கு மேலா கீழா, மழைநீர் எந்தப் பக்கம் வடிந்தது என்பவற்றைத் திரட்டுங்கள். பழைய செயற்கைக்கோள் படங்களை ஆண்டுவாரியாகப் பார்த்தால், இப்போது மண் மூடிக் கிடக்கும் கழிவுக் குட்டைகள்கூடத் தெரிந்துவிடும். அந்த ஆலையில் வேலை பார்த்த மூத்த தொழிலாளர்களிடம் அரை நாள் பேசுங்கள். எந்தக் கோப்பிலும் இல்லாத தகவல் அவர்களிடம் கிடைக்கும்.

அடுத்தது கிணற்றுக் கணக்கெடுப்பு. இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் எல்லாத் திறந்தவெளிக் கிணறுகளையும் போர்வெல்களையும் கைப்பம்புகளையும் பட்டியலிடுங்கள். ஆயத்தொலைவு, மொத்த ஆழம், கேசிங் எத்தனை அடி வரை இறங்கியிருக்கிறது, மோட்டார் எந்த ஆழத்தில் தொங்குகிறது, குடிக்கவா பாசனத்துக்கா, நீர் மாறியதாக வீட்டுக்காரர் எப்போது உணர்ந்தார் என்பவை பதிவாக வேண்டும். போகும் இடமெல்லாம் கையடக்க மின்கடத்துத்திறன் மீட்டரால் ஒரு அளவு எடுத்துவிடுங்கள். தோலைப் பதப்படுத்தும் முன் ஊறவைக்கும்போது ஏராளமான உப்பு வெளியேறுகிறது, சாயப்பட்டறைகளிலும் அப்படித்தான். உப்பிலுள்ள குளோரைடு மண்ணில் ஒட்டாமல் நீர் போகும் வேகத்திலேயே போவதால், குரோமியம் வந்து சேர்வதற்கு முன்பே மின்கடத்துத்திறன் ஏறிவிடும். இந்த எளிய கணக்கெடுப்பை வரைபடத்தில் குறித்தாலே மாசு எந்தப் பக்கம் நீள்கிறது என்பதற்கு முதல் துப்பு கிடைக்கும். செலவோடு ஒப்பிட்டால் இந்த முழு வேலையிலும் அதிகப் பலன் தருவது இதுதான்.

2025 ஜூலையில் மத்திய அரசு அறிவித்த மாசடைந்த இடங்கள் மேலாண்மை விதிகள், சந்தேகத்துக்குரிய இடத்தையும் உறுதிசெய்யப்பட்ட இடத்தையும் தனித்தனியாகப் பிரிக்கின்றன. முதல்கட்ட மதிப்பீட்டுக்குப் பிறகே விரிவான ஆய்வு நடக்கும். நீங்கள் திரட்டும் வரலாறும் கணக்கெடுப்பும் அந்த முதல்கட்டத்துக்கான ஆதாரம். எனவே தேதி, இடம், எடுத்தவர் பெயர் விடுபடாமல் எழுதி வையுங்கள்.

எதைத் தேடுகிறோம்?

எல்லா அளவீடுகளுக்கும் பணம் கட்டத் தேவையில்லை. இடத்தின் வரலாறுதான் பட்டியலைத் தீர்மானிக்க வேண்டும்.

குரோமியத்தில் இரண்டு வடிவங்களைப் பிரித்தறிய வேண்டும். டேனரிகளில் பயன்படும் குரோம் சல்பேட்டில் இருப்பது குரோமியம்-3. அமிலத்தன்மை இல்லாத நீரில் அது பெரும்பாலும் படிந்து மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். குரோமேட் ஆலைக் கழிவில் இருப்பது குரோமியம்-6. எதிர்மின்சுமை கொண்ட அயனியாக நீரில் கரைந்து தொலைதூரம் நகரும், நச்சுத்தன்மையும் மிக அதிகம். மண்ணில் மாங்கனீசு ஆக்சைடு இருந்தால் குரோமியம்-3-இன் ஒரு பகுதி 6 ஆக மாறவும் கூடும். கரிமப்பொருள் நிறைந்த, ஆக்சிஜனற்ற மண்ணில் எதிர்த்திசையிலும் மாறும். எனவே மொத்தக் குரோமியம், குரோமியம்-6 இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். இந்தியக் குடிநீர்த் தரநிர்ணயமான ஐஎஸ் 10500 மொத்தக் குரோமியத்துக்கு விதிக்கும் உச்சவரம்பு லிட்டருக்கு 0.05 மி.கி. ஈயத்துக்கும் ஆர்சனிக்குக்கும் 0.01, காட்மியத்துக்கு 0.003, பாதரசத்துக்கு 0.001, நைட்ரேட்டுக்கு 45.

குப்பைக் கிடங்கானால் அம்மோனியா, குளோரைடு, காரத்தன்மை, போரான், இரும்பு, மாங்கனீசு ஆகியவை அடையாளங்கள். சென்னையின் கொடுங்கையூர், பெருங்குடி போன்ற பெருங்கிடங்குகளிலிருந்து இறங்கும் கழிவுநீர் அடியிலுள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும். அந்தச் சூழலில் மண்ணில் இயல்பாக இருக்கும் இரும்பும் மாங்கனீசும், சில இடங்களில் ஆர்சனிக்கும் கரைந்து வெளியே வரும். குப்பையில் ஆர்சனிக் இல்லை என்பதால் நீரிலும் இருக்காது என்று எண்ணிவிடக் கூடாது.

எரிபொருள் கசிவானால் பென்சீன், டொலுவீன், சைலீன் வகைகள். இவை நீரைவிட இலேசான எண்ணெயாக நீர்மட்டத்தின் மேல் மிதக்கும். சென்னைத் தண்டையார்பேட்டையில் குழாய்க் கசிவால் வீட்டுக் கிணறுகளில் எண்ணெய் ஏறியதும், யாழ்ப்பாணம் சுன்னாகத்தில் மின்னுற்பத்தி நிலையக் கழிவு எண்ணெய் கிணறுகளுக்குள் புகுந்ததும் இந்த வகை. யாழ்ப்பாணத்தின் சுண்ணாம்புக் கல்லில் நீர் வெடிப்புகள் வழியே விரைந்து பரவும் என்பதால், அங்கே அடுத்தடுத்த இரு கிணறுகளில் ஒன்று கெட்டும் ஒன்று தெளிந்தும் இருப்பது வியப்பல்ல. உலோகங்களைத் துடைக்கப் பயன்படும் குளோரின் ஏறிய கரைப்பான்களோ நீரைவிட அடர்த்தியானவை. அவை நீர்ப்படுகையின் அடித்தளம் வரை மூழ்கிவிடும்.

நீர் எந்தப் பக்கம் போகிறது?

நிலத்தின் சரிவை வைத்து ஊகிக்காதீர்கள். பக்கத்தில் ஒரு பெரிய பாசனப் போர்வெல் இரவு பகலாக ஓடினால் நீரோட்டம் அதை நோக்கித் திரும்பிவிடும். திசையைக் கணக்கிட ஒரே நேர்கோட்டில் இல்லாத, குறைந்தது மூன்று கிணறுகள் தேவை.

ஒவ்வொரு கிணற்றின் விளிம்பிலும் ஒரு புள்ளியைப் பெயின்ட்டால் குறித்து, அதன் உயரத்தை ஆட்டோ லெவல் கருவியால் ஒரு சென்டிமீட்டருக்குள் அளந்துகொள்ளுங்கள். கைப்பேசி காட்டும் உயரம் பல மீட்டர் தவறக்கூடும். நீரோட்டம் சில சென்டிமீட்டர் வேறுபாட்டில் நடக்கிறது என்பதால் அது இங்கே உதவாது. பிறகு முனை நீரைத் தொட்டதும் ஒலிக்கும் மின்நாடா கொண்டு அந்தப் புள்ளியிலிருந்து நீர்மட்டம் வரையுள்ள ஆழத்தை, எல்லாக் கிணறுகளிலும் ஒரே நாளில், மோட்டார்கள் நின்று சில மணி நேரமாவது ஆன பிறகு அளக்க வேண்டும்.

ஒரு கணக்கு பார்ப்போம். அ கிணற்றின் நீர்மட்டம் 152.40 மீ, ஆ கிணற்றில் 151.60 மீ, இ கிணற்றில் 151.90 மீ. அ-வுக்கும் ஆ-வுக்கும் இடையே 200 மீ தூரம், 0.80 மீ இறக்கம். இ-யின் மட்டமான 151.90 அந்தக் கோட்டில் எங்கே வரும்? 0.50-ஐ 0.80-ஆல் வகுத்து 200-ஆல் பெருக்கினால், அ-விலிருந்து 125 மீ. அந்தப் புள்ளியையும் இ-யையும் இணைக்கும் கோடு சமமட்டக் கோடு. அதற்குச் செங்குத்தாக, தாழ்ந்த பக்கம் நோக்கி நீர் போகிறது. ஆ கிணற்றிலிருந்து அந்தக் கோட்டுக்குச் செங்குத்துத் தூரம் 60 மீ என்றால், சரிவு 0.30 வகுத்தல் 60, அதாவது 0.005.

ஆற்று மணல் படுகையில் நீர்கடத்தும் திறன் நாளுக்கு 8 மீ, பயனுறு துளைமை (நீர் ஓடக்கூடிய இடைவெளியின் பங்கு) 0.2 என்று கொண்டால், வேகம் 8 பெருக்கல் 0.005 வகுத்தல் 0.2: நாளுக்கு 0.2 மீ, ஆண்டுக்கு ஏறக்குறைய 73 மீ. கிணறு எவ்வளவு தூரத்தில் வேண்டும், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை அளக்க வேண்டும் என்பது இந்த எண்ணிலிருந்துதான் பிறக்கிறது.

ஒரு பெரிய எச்சரிக்கை. தமிழ்நாட்டின் பெரும்பகுதி கடும்பாறை. பாலாற்றங்கரையில் மேலே மணலும் உருச்சிதைந்த பாறையும், அடியில் சார்னோக்கைட்டும் நைசும் இருக்கின்றன. பாறை வெடிப்புக்குள் மேற்கண்ட கணக்கு செல்லாது. நீர் வெடிப்பு போகும் திசையில்தான் போகும், குறுக்கே சுவர்போல் ஊடுருவிய ஒரு டைக் பாறை நின்றால் தடுபட்டுத் திரும்பும். நிலத்தில் மின்சாரம் செலுத்தி மின்தடை ஆய்வு செய்தால் உப்பு ஏறிய பகுதி மின்தடை குறைந்ததாகத் தெரியும். வெடிப்பு மண்டலத்தையும் ஓரளவு ஊகிக்கலாம். துளையிடும்போது எந்த ஆழத்தில் நீர் வந்தது என்று ரிக் ஆட்கள் சொல்வதை ஒவ்வொரு முறையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கண்காணிப்புக் கிணறு அமைத்தல்

குறைந்தபட்ச ஏற்பாடு: மாசு மூலத்துக்கு மேல்நிலைப் பக்கம் (நிலத்தடி நீர் வரும் பக்கம்) ஒன்று, கீழ்நிலைப் பக்கம் (நீர் போகும் பக்கம்) மூன்று. மேல்நிலைக் கிணறு இல்லாத ஆய்வு பாதி ஆய்வு. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் ஃபுளோரைடு பாறையிலிருந்தே வருகிறது. கடலோரத்தில் உப்பு இயல்பு. செப்டிக் டேங்க் நிறைந்த ஊரில் நைட்ரேட் எங்கும் இருக்கும். இவற்றையெல்லாம் கழித்துப் பார்க்க மேல்நிலைக் கிணறுதான் அளவுகோல்.

ஊரில் ஏற்கெனவே இருக்கும் போர்வெல்லே போதுமே என்ற கேள்வி எப்போதும் எழும். அது மக்கள் என்ன குடிக்கிறார்கள் என்பதைச் சொல்லும், அதனால் அதையும் அளக்கத்தான் வேண்டும். ஆனால் அறுநூறு அடிப் போர்வெல்லில் மேலிருந்து கீழ்வரை நாலைந்து வெடிப்புகளின் நீர் கலந்து வருகிறது. முப்பது அடியில் போகும் மாசு, ஐந்நூறு அடியிலிருந்து வரும் நல்ல நீரில் கரைந்து வரம்புக்குள் இருப்பதுபோல் தோன்றும். மாசைக் கண்டறியக் குறிப்பிட்ட ஆழத்துக்கு மட்டும் திறந்திருக்கும் தனிக் கிணறு வேண்டும்.

துளை 150 மி.மீ அல்லது அதற்குச் சற்றுக் கூடுதல். உள்ளே 50 மி.மீ பிவிசி குழாய், அடிப்பகுதியில் 3 மீ நீளத்துக்குச் சல்லடைக் குழாய், பிளவின் அகலம் 0.5 மி.மீ. குழாய்களை மரைபோட்டு இணையுங்கள். பிவிசி ஒட்டும் பசை வேண்டவே வேண்டாம்: அதிலுள்ள கரைப்பான்கள் மாதக்கணக்கில் நீரில் கசிந்து, இல்லாத மாசை ஆய்வறிக்கையில் காட்டும். சல்லடையைச் சுற்றிக் கழுவிய கூழாங்கல் மணல், 1 முதல் 2 மி.மீ பருமனில், சல்லடையின் உச்சிக்கு மேல் 60 செ.மீ வரை. அதன்மேல் குறைந்தது 60 செ.மீ பென்டோனைட் (நீர்பட்டால் உப்பி அடைக்கும் களிமண்) உருண்டைகள். நீர் ஊற்றி ஊறவிட்டு உப்பச் செய்யுங்கள். அதற்குமேல் தரைவரை சிமென்ட்-பென்டோனைட் கலவை. தரையில் சரிவான கான்கிரீட் மேடை, பூட்டுள்ள இரும்பு மூடி, மூடியின் உள்ளே கிணற்று எண்.

பென்டோனைட்டைக் குறைப்பதுதான் செலவை மிச்சப்படுத்தும் முதல் இடமாகப் பலருக்குத் தெரிகிறது. அது தவறினால் மேற்பரப்புக் கழிவுநீர் குழாயின் வெளிப்பக்கமாக இறங்கி நேரே சல்லடைக்குப் போய்விடும். மாசைக் கண்காணிக்கத் தோண்டிய கிணறே மாசுக்கு வழி திறந்துவிட்டதாக ஆகும். சிமென்ட் சல்லடைவரை இறங்கிவிட்டாலும் தொல்லைதான்: பிஎச் 11, 12 என்று ஏறி உலோக அளவுகளைக் குழப்பும். குரோமேட் கழிவும் காரத்தன்மை கொண்டதே என்பதால் ராணிப்பேட்டை போன்ற இடத்தில் இரண்டையும் பிரித்தறிவது கடினம்.

சல்லடை எங்கே அமைய வேண்டும் என்பது மாசின் இயல்பைப் பொறுத்தது. மிதக்கும் எண்ணெயானால் நீர்மட்டம் கோடையில் இறங்கினாலும் மழையில் ஏறினாலும் சல்லடைக்குள்ளேயே இருக்கும்படி வையுங்கள். மட்டம் சல்லடைக்கு மேலே போனால் எண்ணெய் வெளியிலேயே நின்றுவிடும். மூழ்கும் கரைப்பானுக்குப் படுகையின் அடியில் வேண்டும். கரைந்த குரோமியத்துக்கு மேலும் கீழுமாக இரண்டு ஆழங்களில், தனித்தனித் துளைகளில் வைப்பது நல்லது.

நம் ஊரில் பெரும்பாலும் கிடைப்பது காற்றழுத்தத்தில் இயங்கும் சுத்தியல் ரிக். கம்ப்ரஸர் காற்றோடு எண்ணெய்த் துளிகள் துளைக்குள் இறங்கும். எரிபொருள் மாசைத் தேடும் இடத்தில் இது நேரடிப் பொய்த்தரவு. காற்றுக் குழாயில் எண்ணெய் வடிகட்டி பொருத்தச் சொல்லுங்கள். துளைத்தண்டு மரைகளுக்குப் பெட்ரோலிய கிரீஸ் தடவ விடாதீர்கள். மேல்நிலைக் கிணற்றை முதலில் துளையுங்கள், அதிக மாசுள்ள இடத்தைக் கடைசியில்.

அமைத்து முடித்ததும் கிணற்றைத் துலக்க வேண்டும். உந்துதண்டால் நீரை மேலும் கீழும் அசைத்து, பம்பால் இறைத்து, கலங்கல் 10 என்டியு-வுக்கு (கலங்கலை அளக்கும் அலகு) கீழே வரும்வரை தொடருங்கள். களிமண் பகுதியில் இதற்கு இரண்டு நாள்கூட ஆகும். பிறகு ஒன்றிரண்டு வாரம் ஆறவிட்டு முதல் மாதிரியை எடுங்கள்.

மாதிரி எடுக்கும் நாள்

வேலை வரிசை: சுத்தமான கிணற்றில் தொடங்கி மோசமான கிணற்றில் முடியுங்கள். ஒவ்வொரு கிணற்றுக்கும் புதிய நைட்ரைல் கையுறை. காலையில் பிஎச் மீட்டரை 4, 7, 10 கரைசல்களாலும் மின்கடத்துத்திறன் மீட்டரை 1413 மைக்ரோசீமென்ஸ் கரைசலாலும் சரிபார்த்து, அளவைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். மாலையில் மீண்டும் சரிபாருங்கள்.

மூடியைத் திறந்ததும் முகத்தைக் கிணற்றின் மேல் கொண்டுபோகாதீர்கள். சில நிமிடம் காற்றாட விட்டு நீர்மட்டம் அளவெடுங்கள். எண்ணெய் சந்தேகம் இருந்தால் எண்ணெயையும் நீரையும் பிரித்தறியும் முனைகொண்ட நாடாவால் எண்ணெய்ப் படலத்தின் தடிமனைப் பாருங்கள். திறந்தவெளிக் கிணற்றுக்குள் மாதிரிக்காக யாரும் இறங்கவே கூடாது. கழிவு இறங்கிய கிணற்றில் ஆக்சிஜன் குறைந்தோ ஹைட்ரஜன் சல்ஃபைடு தேங்கியோ இருக்கலாம். இறங்கியவரும் காப்பாற்ற இறங்கியவரும் இறந்துபோன சம்பவங்கள் நம் நாட்டில் தொடர்ந்து நடக்கின்றன.

குழாயில் தேங்கி நின்ற நீர், படுகையின் நீர் ஆகாது. காற்றுபட்டு அதன் வேதியியல் மாறியிருக்கும். அதை வெளியேற்ற இரண்டு வழிகள் உள்ளன.

மெல்லோட்ட முறைதான் எங்கள் பரிந்துரை. சிறு பம்பின் வாயைச் சல்லடையின் நடுவே நிறுத்தி, நிமிடத்துக்கு 100 முதல் 500 மி.லி வேகத்தில் இறையுங்கள். நீர்மட்டம் 10 செ.மீ-க்கு மேல் இறங்கினால் வேகத்தைக் குறையுங்கள். மீட்டர் முனைகள் பொருத்திய ஓட்டக் கலத்தின் வழியாக நீரை விட்டு 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை அளவு எடுங்கள். அடுத்தடுத்த மூன்று அளவுகளில் பிஎச் 0.1-க்குள்ளும், மின்கடத்துத்திறன் 3 சதவீதத்துக்குள்ளும், ஆக்சிஜனேற்றத் திறன் 10 மில்லிவோல்ட்டுக்குள்ளும், கரைந்த ஆக்சிஜன் 10 சதவீதத்துக்குள்ளும் நின்றால் நீர் நிலைபெற்றுவிட்டது. அப்போது ஓட்டக் கலத்தைக் கழற்றிவிட்டுப் பாட்டிலை நிரப்புங்கள்.

பழைய முறை, கிணற்றில் நிற்கும் நீரைப்போல் மூன்று மடங்கு இறைப்பது. ஆறரை அங்குலப் போர்வெல்லில் மீட்டருக்கு 21.4 லிட்டர், 50 மி.மீ குழாயில் மீட்டருக்கு ஏறக்குறைய 2 லிட்டர். போர்வெல் 30 மீ ஆழம், நீர்மட்டம் 12 மீ என்றால் நிற்பது 18 மீ, அதாவது 385 லிட்டர். மூன்று மடங்கு 1,155 லிட்டர். விநாடிக்கு ஒரு லிட்டர் தரும் மோட்டாரில் இருபது நிமிடம். வீட்டுப் போர்வெல்லுக்கு இது பொருந்தும். மாசுள்ள நீரை இப்படி இறைத்துத் தரையில் விட்டுவிடாமல் டிரம்மில் பிடித்து உரிய சுத்திகரிப்புக்கு அனுப்ப வேண்டும்.

போர்வெல் மாதிரியை மோட்டாருக்கு மிக அருகிலுள்ள குழாயில் பிடியுங்கள். மேல்நிலைத் தொட்டியில் தேங்கிய நீர் வேண்டாம். பிளீச்சிங் பவுடர் போட்ட கிணற்றில் குரோமியம்-6 எடுப்பதில் பயனில்லை: குளோரின் குரோமியத்தின் வடிவத்தையே மாற்றக்கூடும். கயிற்றில் கட்டிய வாளியைக் கிணற்றுக்குள் வீசினால் அடிவண்டல் கலங்கி உலோக அளவு பொய்யாக ஏறும்.

பாட்டிலும் பாதுகாப்பும்

- கரைந்த உலோகங்கள்: களத்திலேயே 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, எச்டிபிஇ பிளாஸ்டிக் பாட்டிலில், தூய நைட்ரிக் அமிலம் சேர்த்து பிஎச் 2-க்குக் கீழே. ஆறு மாதம் தாங்கும். பாதரசம் மட்டும் 28 நாள்.
- குரோமியம்-6: வடித்து, அமிலம் சேர்க்காமல், 4 டிகிரிக் குளிரில், 24 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும். அம்மோனியம் சல்பேட் தாங்கல் கரைசலால் பிஎச்-ஐ 9.3-க்கும் 9.7-க்கும் இடையே நிறுத்தினால் 28 நாள் வரை தாங்கும்.
- நைட்ரேட்: குளிரில், 48 மணி நேரம்.
- அம்மோனியா: கந்தக அமிலத்தால் பிஎச் 2-க்குக் கீழே, குளிரில், 28 நாள்.
- சயனைடு: சோடியம் ஹைட்ராக்சைடால் பிஎச் 12-க்கு மேலே, குளிரில், 14 நாள்.
- பென்சீன் போன்று ஆவியாகும் சேர்மங்கள்: 40 மி.லி பழுப்புக் கண்ணாடிக் குப்பி, ஹைட்ரோகுளோரிக் அமிலம், காற்றுக்குமிழி துளியும் இல்லாமல், குளிரில், 14 நாள். நிரப்பி மூடித் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டிப் பாருங்கள். குமிழி தெரிந்தால் வேறு குப்பியில் மீண்டும் எடுங்கள்.

குரோமியம்-6 மாதிரிக்கு அமிலம் ஊற்றுவது களத்தில் அடிக்கடி நேரும், மிக விலை கொடுக்க வைக்கும் பிழை. அமிலச் சூழலில் நீரிலுள்ள கரிமப்பொருள் குரோமியம்-6-ஐ 3 ஆகக் குறைத்துவிடும். அறிக்கை "கண்டறியப்படவில்லை" என்று வரும், ஊரோ அதே நீரைக் குடித்துக்கொண்டிருக்கும். இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு: வடிக்காத கலங்கல் நீரில் அமிலம் ஊற்றினால் வண்டல் துகளிலிருந்து உலோகம் கரைந்து, நீரில் இல்லாத மாசு எழுந்து நிற்கும். குடிக்கும் கிணறுகளில் வடித்த மாதிரி, வடிக்காத மாதிரி இரண்டையும் எடுங்கள். மக்கள் வடிகட்டாமல்தானே குடிக்கிறார்கள்.

அமிலம் எவ்வளவு? சாதாரண நீருக்கு லிட்டருக்கு ஒன்றரை முதல் இரண்டு மி.லி போதும். நம் பகுதிக் கிணற்று நீரில் பைகார்பனேட் அதிகம் என்பதால் கூடுதலாகத் தேவைப்படலாம், நுரைத்தும் எழும். பிஎச் தாளைப் பாட்டிலுக்குள் விடாமல், மூடியில் சில துளி ஊற்றித் தாளை நனைத்துப் பாருங்கள்.

ஐஸ் பெட்டியில் பாட்டில்களைச் சுற்றி ஐஸ் முழுதாக நிறைய வேண்டும். மே மாத வெயிலில் வேலூரிலிருந்து சென்னை போய்ச் சேர்வதற்குள் இரண்டு கிலோ ஐஸ் உருகிவிடும். லேபிளில் கிணற்று எண், தேதி, நேரம், வடித்ததா இல்லையா, சேர்த்த அமிலம், எடுத்தவர் கையொப்பம். கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் நேரமும் கையெழுத்தும். வழக்கு நீதிமன்றம் வரை போகும் வாய்ப்பு உள்ள இடங்கள் இவை. பாலாற்று டேனரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. அதன் தொடர்ச்சியாக 2025-லும் உத்தரவு வந்தது. கைமாற்றுப் பதிவில் ஒரு இடைவெளி இருந்தால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் தொடுவது அதைத்தான்.

சரிபார்ப்பு

பத்து மாதிரிக்கு ஒன்று இரட்டை மாதிரி: ஒரே கிணறு, இரண்டு பாட்டில், ஆய்வகத்துக்குத் தெரியாத எண். இரண்டுக்கும் இடையே 20 சதவீதத்துக்கு மேல் வேறுபாடு வந்தால் காரணம் தேட வேண்டும். ஒரு வெற்று மாதிரி: காய்ச்சி வடித்த நீரைக் களத்தில் அதே பம்பு, குழாய், வடிகட்டி வழியே அனுப்பி நிரப்புவது. அதில் குரோமியம் வந்தால் உங்கள் கருவி கழுவப்படவில்லை. பாஸ்பேட் இல்லாத சோப்புநீர், குழாய்நீர், காய்ச்சி வடித்த நீர் என்ற வரிசையில் கழுவுங்கள். முடிந்தால் ஒவ்வொரு கிணற்றுக்கும் தனிக் குழாய் வைத்துவிடுங்கள்.

ஆய்வகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள். உங்களுக்குத் தேவையான அந்த அளவீட்டுக்கு அங்கீகாரம் உண்டா, கண்டறியும் எல்லை எவ்வளவு என்று கேளுங்கள். வரம்பு 0.05 ஆக இருக்க, ஆய்வகம் 0.1-க்குக் கீழே பார்க்க முடியாது என்றால் அங்கே "இல்லை" என்ற பதிலுக்குப் பொருளே இல்லை.

அறிக்கை வந்ததும் அயனிச் சமநிலையை, அதாவது நேர்மின் அயனிகளும் எதிர்மின் அயனிகளும் சமமாக வருகின்றனவா என்பதை, போட்டுப் பாருங்கள். கால்சியத்தை 20-ஆல், மக்னீசியத்தை 12.15-ஆல், சோடியத்தை 23-ஆல், பொட்டாசியத்தை 39.1-ஆல் வகுத்துக் கூட்டுங்கள், குளோரைடை 35.45-ஆல், சல்பேட்டை 48-ஆல், பைகார்பனேட்டை 61-ஆல், நைட்ரேட்டை 62-ஆல் வகுத்துக் கூட்டுங்கள். இரண்டு கூட்டுத்தொகைகளின் வேறுபாட்டை அவற்றின் கூட்டலால் வகுத்தால் 5 சதவீதத்துக்குள் வர வேண்டும். 10-ஐத் தாண்டினால் அறிக்கையைத் திருப்பி அனுப்புங்கள். டிடிஎஸ் (நீரில் கரைந்த மொத்தத் திடப்பொருள்), மின்கடத்துத்திறனில் 0.55 முதல் 0.7 மடங்கு வரை இருப்பது இயல்பு. ஐந்து நிமிட வேலை. தட்டச்சுப் பிழை தொடங்கி மாறிப்போன பாட்டில் வரை இதில் பிடிபடும்.

எண்களைப் படிப்பது

முதல் ஆண்டு நான்கு முறை: ஜனவரி, மே, ஆகஸ்ட், நவம்பர். மத்திய நிலத்தடி நீர் வாரியம் நீர்மட்டம் அளக்கும் மாதங்களை ஒட்டியே இவை வருவதால் ஒப்பிட வசதி. நீர்மட்டத்தை மட்டும் மாதந்தோறும் அளக்கலாம். செலவு மிகக் குறைவு. பிறகு போக்கு தெளிந்த கிணறுகளில் ஆண்டுக்கு இரண்டு முறையாகக் குறைக்கலாம், மாசின் முன்விளிம்பில் உள்ள கிணறுகளில் குறைக்காதீர்கள்.

வடகிழக்குப் பருவமழைக்குப் பின் அளவு இறங்கினால் மகிழ்ந்துவிட வேண்டாம். மழைநீர் கலந்து மாசு நீர்த்துப்போயிருக்கலாம். சில இடங்களில் எதிராகவும் நடக்கும்: நீர்மட்டம் ஏறி, வறண்ட மண்ணில் தங்கியிருந்த கழிவைத் தொட்டதும் குரோமியம் தாவி ஏறும். அதனால் நீர்மட்டத்தையும் செறிவையும் ஒரே வரைபடத்தில், ஒன்றின்மேல் ஒன்றாக வரையுங்கள். மே மாதத்தை மே மாதத்தோடுதான் ஒப்பிட வேண்டும்.

கண்டறியும் எல்லைக்குக் கீழுள்ள அளவைப் பூச்சியம் என்று எழுதாதீர்கள், "0.01-க்குக் கீழ்" என்றே இருக்கட்டும். இரண்டு மூன்று அளவுகளை வைத்து ஏறுமுகம், இறங்குமுகம் என்று அறிவிக்க முடியாது. எட்டு அளவுகளாவது சேர்ந்த பிறகு போக்கு உண்மையானதா என்று காட்டும் மான்-கெண்டல் புள்ளியியல் சோதனை போட்டுப் பாருங்கள். ஒரே ஒரு கிணற்றில் ஒரே முறை திடீரென்று பாய்ந்தால் இரண்டு வாரத்துக்குள் மறுமாதிரி எடுத்து உறுதிசெய்யுங்கள். குளோரைடும் மின்கடத்துத்திறனும் சேர்ந்து ஏறிக் குரோமியம் இன்னும் ஏறாத கீழ்நிலைக் கிணற்றை மிகக் கவனமாகப் பாருங்கள். மாசு அந்தப் பக்கம் புறப்பட்டுவிட்டது என்பதற்கு அது முன்னறிவிப்பாக இருக்கலாம்.

குடிநீர்க் கிணற்றில் வரம்பு மீறினால் மறுமாதிரிக்காகக் காத்திருக்காமல் அன்றே வீட்டுக்காரருக்கும் உள்ளாட்சிக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். "காய்ச்சிக் குடிக்கிறோம்" என்பார்கள். காய்ச்சினால் கிருமிதான் சாகும்; குரோமியமும் நைட்ரேட்டும் போகாது, நீர் சுண்டச் சுண்ட அவற்றின் செறிவு கூடும். இதை அவர்களுக்குப் புரியும்படி நேரில் சொல்லுங்கள், மாற்று நீர் வரும்வரை விடாமல் கேளுங்கள். ஆலோசகர் அறிக்கையின் பிற்சேர்க்கையில் மட்டும் இருக்கும் எண் அந்தக் குடும்பத்துக்கு எந்த வகையிலும் உதவாது.

கண்காணிப்பு முடிந்த கிணற்றையோ, மேடை உடைந்து மூடி காணாமல்போன கிணற்றையோ அப்படியே விடக் கூடாது. முடிந்தால் குழாயை உருவிவிட்டு, இல்லையேல் குழாயோடு, அடியிலிருந்து மேலாகச் சிமென்ட்-பென்டோனைட் கலவையை மெல்லிய குழாய் வழியே இறக்கி நிரப்புங்கள். மேலிருந்து கொட்டினால் நடுவில் அடைத்துக்கொண்டு அடியில் வெற்றிடம் தங்கிவிடும். மறுநாள் கலவை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்து மீண்டும் நிரப்பி, தரைக்கு அரை மீட்டர் கீழே குழாயை அறுத்து, மண்ணால் மூடி, இடத்தையும் தேதியையும் வரைபடத்தில் குறித்து வையுங்கள்.